கீழே கிடப்பவர் தோற்றவர் அல்ல

முதுகு மண்ணில் பட்டுவிட்டால் கதை முடிந்தது என்கிறார் நம் வட்டாரத்தின் மூத்த கபடிப் பயிற்சியாளர் ஒருவர். பொங்கல் போட்டியின் பரிசளிப்பில் அவர் பேசிய பேச்சு கம்மாபுரம், விருத்தாசலம், நெய்வேலி என்று கைபேசி கைபேசியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்ற தரை மல்லின் பக்கம் திரும்புவதுதான் அவருடைய கோபத்துக்குக் காரணம். அதிலும் ‘ஹாஃப் கார்டு’ என்ற நிலையைக் குறிவைத்துத் தாக்குகிறார். மல்லாந்து கிடந்து எதிராளியின் ஒரு காலைக் கட்டிக்கொண்டிருப்பது தோற்றவனின் கெஞ்சல் என்கிறார். அங்கிருந்து மேலே இருப்பவனைப் புரட்டுவது, அவன் ஒத்துழைத்தால் மட்டும் நடக்கும் வித்தையாம். பிரேசில் சரக்கு நம் மண்ணுக்கு ஒட்டாதாம். பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தருவது அசிங்கமாம். ஆக நான்கு குற்றச்சாட்டுகள். நான்கும் தவறு. நான்காவது ஊருக்கே கேடு.

யாரோ விவரம் தெரியாதவர் பேசியிருந்தால் கடந்து போயிருப்பேன். இவர் சொன்னால் ஊர் கேட்கும். எத்தனையோ பையன்களுக்குக் கணுக்கால் பிடி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை அவருடையது. அந்த மரியாதையை மூலதனமாக வைத்துத் தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார். அதனால்தான் வரிக்கு வரி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் குற்றச்சாட்டு: கீழே விழுந்தவன் தோற்றவன். இதைச் சொல்கிறவர் வாழ்நாள் முழுக்கக் கபடி ஆடியவர் என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. கபடியில் விழுந்தவர் எப்போது தோற்றார்? பாடிப் போனவரை நான்கு பேர் அமுக்குகிறார்கள். ஒருவர் கணுக்காலைப் பிடித்திருக்கிறார், ஒருவர் தொடையில் தொங்குகிறார், இருவர் முதுகில் ஏறிக் கிடக்கிறார்கள். பாட்டு நிற்கவில்லை. குப்புற விழுந்தவர் உடம்பை முறுக்கி, அங்குலம் அங்குலமாக ஊர்ந்து, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொடுகிறார். பிடித்த நான்கு பேரும் அவுட். மைதானமே எழுந்து நின்று கத்துவது அந்த விரல் நுனிக்குத்தான். மேலே கிடந்த நால்வரையும் வென்றவராக்கவில்லை கபடி விதி. அடியில் கிடந்து கோட்டைத் தொட்டவருக்குத்தான் புள்ளி கொடுக்கிறது. இந்த விதியைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தவர், இன்னொரு விளையாட்டைப் பார்த்ததும் அதையே மறந்துவிட்டார்.

முதுகு பட்டால் தோல்வி என்பது குஸ்தியின் விதி. அந்த விதியை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு விளையாட்டின் விதியை எடுத்து எல்லா மல்லுக்கும் இயற்கை நியதி ஆக்க முடியாது. பயிற்சியாளர் தன் பேச்சில் காமா பயில்வானைத் துணைக்கு அழைத்தார். அழைத்தவர் காமாவின் வரலாற்றையும் படித்திருக்க வேண்டும். 1910 செப்டம்பரில் லண்டனில் காமாவும் போலந்து மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோவும் மோதினார்கள். ஸிபிஸ்கோ பெரும்பாலான நேரம் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துவிட்டார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகக் காமா முயன்றும் அவரைப் புரட்டிப்போட முடியவில்லை. போட்டி முடிவில்லாமல் நின்றது. உலகின் மிகச் சிறந்த மல்லருக்கே தரையில் கிடக்கும் ஒரு மனிதரை அடக்குவது அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது. ஆனால் ஸிபிஸ்கோ செய்தது வெறும் தற்காப்பு. அவர் வெல்ல முயலவே இல்லை. மறுவாரம் குறித்த போட்டிக்கு வரவும் இல்லை. அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஹாஃப் கார்டு அதற்கு நேர் எதிர். அங்கே கீழே இருப்பவருக்கு ஒரே வேலைதான்: மேலே இருப்பவரைக் கவிழ்த்து, தான் மேலே வருவது. அதன் பெயர்தான் ஸ்வீப்.

போட்டி விதியும் இதையே சொல்கிறது. ஜியு-ஜிட்சுவின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப். விதிப்படி, ஹாஃப் கார்டில் மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நிலைக்காக ஒரு புள்ளியும் கிடையாது. மாட்டிய காலை உருவி, கீழே இருப்பவரின் கால்களை முழுக்கத் தாண்டி, 3 வினாடி அடக்கினால்தான் அவருக்கு 3 புள்ளி. கீழே இருப்பவர் அவரைக் கவிழ்த்து மேலே வந்து 3 வினாடி நிலைத்தால் 2 புள்ளி. அதாவது, ஹாஃப் கார்டில் இருக்கும்வரை இருவரில் யாரும் வெல்லவில்லை, சண்டை நடந்துகொண்டிருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் சண்டையைத்தான் பயிற்சியாளர் முடிந்துபோனது என்று அறிவிக்கிறார்.

இரண்டாவது குற்றச்சாட்டு: எதிராளி ஒத்துழைத்தால்தான் புரட்ட முடியும். இதற்குப் பதில் சொல்லப் பாயில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

எதிராளி மேலே மண்டியிட்டிருக்கிறார். அவருடைய வலது கால் என் இரண்டு கால்களுக்கும் நடுவே மாட்டியிருக்கிறது. இடது கால் எனக்கு வலப்பக்கம், வெளியே, சுதந்திரமாக இருக்கிறது. இந்த நிலையில் என் முதல் வேலை மல்லாந்து கிடக்காமல் இருப்பது. வலது இடுப்பின் மேல் ஒருக்களித்து அவரை நோக்கித் திரும்ப வேண்டும். பயிற்சியாளர் எள்ளி நகையாடிய அந்த மல்லாந்த நிலை, ஹாஃப் கார்டைக் கோட்டைவிட்டவரின் நிலை. முதல் நாள் வகுப்பிலேயே திருத்தப்படும் தவறு அது. அதைப் பார்த்துவிட்டு அதுதான் வித்தை என்று முடிவு கட்டியிருக்கிறார்.

இரண்டாவது வேலை, இடது கையை அவருடைய வலது அக்குளுக்கு அடியில் நுழைத்து முதுகைச் சுற்றிப் பிடிப்பது. இதை அண்டர்ஹுக் என்பார்கள். ஹாஃப் கார்டின் முக்கால்வாசிச் சண்டை இந்தக் கைக்காகத்தான். அவர் சும்மா இருக்க மாட்டார். தன் இடது முன்கையை என் தாடையில் பதித்து, முகத்தை மறுபக்கம் திருப்பப் பார்ப்பார். முகம் திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் இடுப்பு திரும்பும். இடுப்பு திரும்பினால் முதுகு பாயில் தட்டையாகும். அப்போது நான் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறேன். அதனால் என் வலது கை அவருடைய இடது புஜத்தை மறித்து, அந்த முன்கை தாடைக்கு வராமல் காக்கிறது. தலையை அவர் மார்புக்கு அடியில் ஒட்டிவைக்கிறேன். இத்தனையும் இருவரும் முழுப் பலத்தோடு மல்லுக்கட்டும்போது நடப்பது.

இனிதான் ஸ்வீப். வலது முழங்கையை ஊன்றி எழும்பி, முதுகைச் சுற்றிய கையால் அவரை அவருடைய இடப்பக்கம் தள்ளுகிறேன். அந்தப் பக்கம் அவரைத் தாங்குவது இடது முழங்கால் ஒன்றுதான். என் வலது கை போய் அந்த முழங்காலை மறிக்கிறது. கட்டிலின் ஒரு காலைக் கழற்றிவிட்டு அந்த மூலையில் பாரம் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். அவர் சாய்கிறார், நான் மேலே வருகிறேன்.

அனுபவசாலி இதற்கு விட மாட்டார். சாயப்போவது தெரிந்ததும் தன் வலது கையை என் இடது கைக்கு மேலாகச் சுற்றிப் பூட்டி, எடை முழுவதையும் தன் வலப்பக்கம் திருப்புவார். சரியான தற்காப்புதான். ஆனால் அந்தப் பக்கம் அவருக்கு என்ன இருக்கிறது? வலது கால் என் கால்களுக்குள் மாட்டியிருக்கிறது. வலது கை என் கையைப் பூட்டுவதில் மாட்டியிருக்கிறது. ஊன்ற ஒன்றுமில்லை. அவர் கொடுத்த எடையை வாங்கிக்கொண்டு அவருக்கு அடியில் உருண்டு, அதே திசையில் அவரைப் புரட்டுகிறேன். முதல் தள்ளுதலுக்குப் பணிந்தால் இடப்பக்கம் விழுகிறார், எதிர்த்தால் வலப்பக்கம் விழுகிறார். எதிராளியின் ஒத்துழைப்பு இந்த வித்தைக்குத் தேவையில்லை. அவருடைய எதிர்ப்பே இரண்டாவது ஸ்வீப்புக்கு விசை.

ஒத்திகை பார்த்த நாடகம் என்று சொல்பவர்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். ஜியு-ஜிட்சு வகுப்பில் நுட்பத்தைச் சொல்லிக்கொடுத்ததும் வேலை முடிவதில்லை. இருவர் இருவராகப் பிரிந்து முழு எதிர்ப்போடு மோதுவார்கள். பிடி தாங்க முடியாதவர் கையால் தட்டுவார். உடனே விடுவிப்பார்கள், மறுபடி தொடங்குவார்கள். தட்டும் வழக்கம் இருப்பதால்தான் எலும்பு முறியாமல் நாள்தோறும் முழு வேகத்தில் பழக முடிகிறது. ஒத்துழைக்கும் ஆளிடம் மட்டும் வேலைசெய்யும் நுட்பம் இந்தச் சல்லடையில் ஒரு வாரம்கூடத் தங்காது.

எடைதான் எல்லாம் என்றும் பயிற்சியாளர் சொன்னார். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எடை முக்கியம். அதனால்தான் போட்டிகளில் எடைப் பிரிவு இருக்கிறது. நூறு கிலோ ஆளை ஐம்பது கிலோ ஆள் எப்போதும் புரட்டுவார் என்று எவராவது விளம்பரம் செய்தால் அவர் ஏமாற்றுக்காரர். ஆனால் எடை முக்கியம் என்பதிலிருந்து எடைதான் எல்லாம் என்பதற்குத் தாவ முடியாது. 1994 டிசம்பரில் அமெரிக்காவின் துல்சா நகரில் நடந்த நான்காவது யூ.எஃப்.சி. கலப்புச் சண்டைப் போட்டியின் இறுதிச் சுற்றைப் பாருங்கள். டான் செவர்ன் தேர்ந்த மல்யுத்த வீரர். அவரை எதிர்த்த ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசியைவிட முப்பது கிலோவுக்கு மேல் கனமானவர். ஏறக்குறைய பதினைந்து நிமிடம் கிரேசியின் மேலேயே இருந்தார். பயிற்சியாளரின் கணக்குப்படி செவர்ன் அதற்குள் பதினைந்து தடவை வென்றிருக்க வேண்டும். கடைசியில், முதுகு தரையில் பட்டபடி கிடந்த கிரேசி தன் கால்களால் கழுத்தைப் பூட்ட, மேலே இருந்த செவர்ன்தான் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அது ஹாஃப் கார்டு இல்லையே என்று கேட்கலாம். ஹாஃப் கார்டுக்கே சான்று தருகிறேன். 2008 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் ஜியு-ஜிட்சு வீரர் அந்தோனியோ ரோட்ரிகோ நொகேராவும் டிம் சில்வியாவும் யூ.எஃப்.சி. கனரகப் பிரிவின் இடைக்காலப் பட்டத்துக்காக மோதினார்கள். சில்வியா ஆறடி எட்டங்குலம். முதல் இரண்டு சுற்றுகளில் நொகேராவுக்குச் சரியான அடி. மூன்றாம் சுற்றில் நொகேரா தானாகவே கீழே போய் ஹாஃப் கார்டுக்குள் சில்வியாவை இழுத்தார், அங்கிருந்து புரட்டினார், மேலே வந்தார். எழ முயன்ற சில்வியாவின் கழுத்தைப் பூட்டினார். பட்டம் நொகேராவுக்கு. குத்து விழும் சண்டையில், தன்னைவிட உயரமான ஆளிடம், உலகமே பார்க்க நடந்தது இது. இதில் எந்த இடத்தில் சில்வியா ஒத்துழைத்தார்?

இன்னொரு உண்மை பயிற்சியாளருக்கு வியப்பாக இருக்கலாம். அவர் இன்று சொல்வதை ஒரு காலத்தில் பிரேசில்காரர்களே சொன்னார்கள். ஹாஃப் கார்டு என்பது தோல்விக்குப் போகும் வழியில் கொஞ்சம் தாமதிக்கும் இடம் என்றுதான் அங்கேயும் நினைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ராபர்ட்டோ கொரேயா என்ற வீரருக்கு முழங்காலில் காயம். ‘கோர்டோ’ என்று அழைக்கப்படும் அவரால், எதிராளியை இரண்டு கால்களுக்கும் நடுவே வைக்கும் வழக்கமான கார்டு பிடித்துச் சண்டையிட முடியவில்லை. முடிந்தது ஹாஃப் கார்டு மட்டும்தான். பயிற்சியை விட்டுப் போகாமல் அந்த ஒரே நிலையில் கிடந்து உழைத்தார். அக்குளுக்கடியில் கை, ஒருக்களித்த உடம்பு, இரண்டு பக்கமும் புரட்டும் வழி என்று அதைத் தாக்கும் நிலையாக மாற்றிக் காட்டினார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதை இன்னும் வளர்த்தார்கள். ஹாஃப் கார்டு ஸ்வீப்பையே முதன்மை ஆயுதமாகக் கொண்ட பெர்னார்டோ ஃபாரியா, 2015 உலகப் போட்டியில் தன் எடைப் பிரிவிலும் எடை வரம்பில்லாத பிரிவிலும் தங்கம் வென்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பாயில் தோற்கடிக்கப்பட்ட ஒரு கருத்தை நம் ஊர் மேடையில் ஏற்றிப் புதிய ஞானம்போலப் பேசியிருக்கிறார் பயிற்சியாளர்.

மூன்றாவது குற்றச்சாட்டு: பிரேசில் சரக்கு நம் மண்ணுக்கு ஒட்டாது. இதைக் கம்மாபுரத்தில் நின்று சொல்வதற்கு ஒருவர் தன் ஊரையே பார்க்காதவராக இருக்க வேண்டும். விருத்தாசலம், பண்ருட்டி வட்டாரச் செம்மண்ணில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பது முந்திரி. அந்த மரத்தின் தாயகம் பிரேசில். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. இன்று விருத்தாசலத்தில் முந்திரிக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ரகங்கள் வி.ஆர்.ஐ. என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கின்றன. கொட்டை உடைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை! அவர்களிடம் போய் முந்திரி அயல்நாட்டுச் சரக்கு, பிடுங்கி எறியுங்கள் என்று பயிற்சியாளர் சொல்வாரா? மரத்துக்கு ஒரு நியாயம், வித்தைக்கு ஒரு நியாயமா?

ஜியு-ஜிட்சுவே பிரேசிலுக்கு வந்தேறிதான். ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் கொடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்ற மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பெலேம் நகரில் கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்தார். கிரேசி குடும்பம் அதைத் தன் வழியில் வளர்த்தது. ஜப்பான் சரக்கு வேண்டாம் என்று அன்றைக்குப் பிரேசில் சொல்லியிருந்தால் இந்தக் கலையே இருந்திருக்காது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலேயே ஜியு-ஜிட்சு இடம்பெற்றுவிட்டது. நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் ஒரு கதவை, பிறந்த ஊரைக் கேட்டு மூடச் சொல்கிறார் இவர்.

மண்ணைப் பற்றிப் பேசுகிறவர் புறநானூற்றின் 80ஆம் பாட்டையும் படித்திருக்கலாம். சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியது. வீரம், மானம் என்று பொதுவாகப் புகழ்ந்துவிட்டுப் போகவில்லை அந்தப் புலவர். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் எப்படிப் பதிந்தது, மற்றொரு கால் அவன் செய்ய வந்த தந்திரத்தைத் தடுத்து எப்படிப் பின்னால் வளைந்தது என்று இரண்டு கால்களின் இடத்தையும் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கிறார். அது ஹாஃப் கார்டு என்று நான் சொல்லவில்லை. எல்லாம் முன்பே நம்மிடம் இருந்தது என்ற வெற்றுப் பெருமையும் எனக்கு வேண்டாம். மல்லில் கால் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம் என்று ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கண் திறந்து பார்த்த மரபு நம்முடையது. அந்தக் கண்ணோடு பயிற்சியாளர் ஒரே ஒரு பயிற்சியைப் பார்த்திருந்தால் இந்தப் பேச்சைப் பேசியிருக்க மாட்டார்.

முள்ளும் கல்லும் கிடக்கும் தெருவில் படுத்துப் புரள முடியுமா என்றும் கேட்டார். முடியாது, யாரும் அப்படிச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. மூன்று பேர் சூழ்ந்தால் ஓடு என்பதுதான் நேர்மையான எந்த ஆசிரியரும் சொல்லும் பாடம். ஆனால் தெருவில் விழுவது நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை. தள்ளுவார்கள், தடுக்கும், விழுவோம். விழுந்தபின் எழுவதற்கு வழி தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாமா? ஸ்வீப் கற்றுக்கொள்வது தரையில் கிடப்பதற்கு ஆசைப்பட்டு இல்லை. தரையிலிருந்து எழுவதற்கான படிப்பு அது.

நான்காவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பெண்பிள்ளைகள் இப்படிக் கீழே கிடந்து பழகுவது அசிங்கம் என்றார். கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்கு ஆத்திரம் வந்தது, இப்போதும் அடங்கவில்லை.

ஒரு பெண் தன்னைவிடக் கனமான ஆணால் தரையில் அமுக்கப்படும் நிலை நாம் கற்பனை செய்ய வேண்டிய ஒன்றில்லை. நாளிதழைப் பிரித்தால் தெரியும். அந்தக் கொடுமை நேரும்போது, முகத்தைத் திருப்ப வரும் கையை எப்படி மறிப்பது, எப்படி ஒருக்களிப்பது, எந்தக் காலை மாட்டினால் மேலே இருப்பவர் நிலைகுலைவார், எப்படி இடம் உண்டாக்கி எழுந்து ஓடுவது என்று தெரிந்த பெண்ணுக்குக் குறைந்தது ஒரு வாய்ப்பு இருக்கிறது. எல்லா ஆபத்திலும் இது காப்பாற்றும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எந்தக் கலையும் கொடுக்க முடியாது. அகப்பட்டவர் தப்பவில்லை என்றாலும் பழி அவர் மேல் இல்லை, அமுக்கியவன் மேல். ஆனால் அந்த வாய்ப்பைக்கூட அசிங்கம் என்று சொல்லிப் பறிப்பவர் யாருக்குத் துணை நிற்கிறார் என்று யோசிக்கட்டும். இன்னொரு பெண்ணோடு, ஆசிரியர் கண் முன்னால், பாயின் மேல், எப்போது வேண்டுமானாலும் தட்டி நிறுத்தலாம் என்ற விதியோடு பழகுவதில் என்ன அசிங்கம் இருக்கிறது? பார்க்கிறவர் கண்ணில் இருப்பதைப் பழகுகிறவர் உடம்பின் மேல் ஏற்றுகிறார் அவர்.

முதுகு பட்டால் முடிந்தது என்ற அவருடைய முதல் வாக்கியத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். விழுந்த பெண்ணிடம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை, அடங்கிப் போ என்கிறது அது. ஒரு விளையாட்டைப் பற்றிய தவறான கருத்து அங்கே வாழ்க்கையைப் பற்றிய கொடிய பாடமாகிவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு, ஆணோ பெண்ணோ, அந்தப் பாடம் வேண்டாம். விழுந்தபின்தான் வேலை ஆரம்பம் என்ற பாடம்தான் வேண்டும். கபடியும் அதைத்தான் கற்றுக்கொடுத்தது. ஜியு-ஜிட்சுவும் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறது.

பயிற்சியாளருக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, பாய்க்கு வாருங்கள். உங்கள் கணுக்கால் பிடியிலிருந்து இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அவர்களுடைய கால்களிலிருந்து உங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கும். முதல் மூன்று கருத்துகளையும் அதுவரை வைத்துக்கொள்ளுங்கள், வாதாடுவோம். இரண்டு, பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதில் வாதத்துக்கு இடமில்லை. அதை எந்த மேடையில் சொன்னீர்களோ அதே மேடையில், அதே ஒலிபெருக்கியில், அந்தப் பிள்ளைகளின் காதில் விழும்படி திரும்பப் பெறுங்கள்.